பதினேழு நிமிஷம்

மணி அடிப்பதற்கு முன்னால் அந்தக் கடிகாரம் இருமும்.

கேட்டுப் பல வருஷம் ஆயிற்று. இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே எங்கோ ஒரு பல்சக்கரம் தொண்டையைச் செருமிக்கொள்ளும். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கும். பிறகுதான் மணி.

அன்று அந்த இருமலுக்கும் மணிக்கும் நடுவில் ஏகாம்பரம் வந்து நின்றார்.

"அம்மா, தொறக்க மாட்டேங்குது."

"எது ஐயா?"

"பொது ஃபோல்டர்."

மணி ஒன்பது அடித்தது. அடித்து முடிக்கும்வரை உலகம்மை பேசவில்லை.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

"தொறக்க மாட்டேன்னு சொல்லுது."

"அது சொன்னதா, நீங்க சொல்லுறதா?"

ஏகாம்பரம் விழித்தார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள் உலகம்மை. குருபூஜை அழைப்பு உறைகளில் விலாசம் எழுதப் போய்விட்டாள்.

*

சிற்றாற்றங்கரையில் ஒரு சின்ன மடம் அது. உலகம்மை அதன் தலைவி. வயது ஐம்பத்தெட்டு. மடத்துக்கு வருவதற்கு முன் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவள்.

ஏகாம்பரத்துக்கு அறுபத்தொன்று. தாம்பரத்துக்காரர், இன்சூரன்ஸில் ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி வந்த இடத்தில் குரு தன்னைவிட மூன்று வயது இளையவளாக இருந்தது அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அவள் அவரை ஐயா என்றாள். அது இன்னும் வருத்தம்.

மடத்தின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கும் உடைந்த பல்லக்குக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதுதான் சர்வர். அதற்குத் திரை கிடையாது. இருந்த திரையை மாட்டுத்தொழுவத்துக் கேமராவுக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுத்தறையிலிருந்த மூன்று கம்ப்யூட்டர்களும் கம்பி வழியாக அந்தப் பெட்டிக்குள் போய், 'பொது' என்ற ஃபோல்டரைத் திறந்து வேலை செய்துவிட்டு வெளியே வரும்.

ஆதி சுவாமிகளின் நானூற்றுப் பன்னிரண்டு பாடல்களும் அந்த ஃபோல்டரில் இருந்தன. பேச்சித்தாய் மூன்று வருஷம் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. நான் மெய்ப்புப் பார்க்கப் போயிருந்தேன்.

முந்தின நாள் மாலை பெட்டிக்குப் புது மென்பொருள் ஏற்றினார்கள். மதுரையிலிருந்தபடியே ஏற்றியவர் மடத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெரால்ட். ஏற்றச் சொல்லி நச்சரித்தவர் ஏகாம்பரம். பெட்டிக்குள் நேராக நுழையும் பாஸ்வேர்டு ஜெரால்டிடம் மட்டும் இருந்தது.

ஜெரால்டுக்கு அன்று கல்யாணம். பத்திரிகை எழுத்தறைச் சுவரில் ஒட்டியிருந்தது. போன் அணைந்திருந்தது.

*

"அண்ணாச்சி, பென் டிரைவ்ல ஒரு நகல் எடுத்து வச்சிக்கிடுவோம்னு ஆடியிலயே சொன்னேன்" என்றாள் பேச்சித்தாய்.

"சொன்ன."

"பொதுவுல இருந்தா எல்லாருக்கும் பொதுன்னிய."

"சொன்னேன்."

"இப்ப ஒருத்தருக்கும் இல்ல."

ஏகாம்பரம் ஃபோல்டரை அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. அதில் ஏதோ எழுத்து. அவர் விரல் ஓகேயில் விழுந்தது. கட்டம் போய்விட்டது.

"அது என்னமோ சொல்லிச்சே."

"அது எப்பவும் ஏதாவது சொல்லும்மா. இங்கிலீஷு."

"நீங்க படிச்சவியதானே?"

"படிக்கிறதுக்கு நேரம் ஏது?"

மறுபடி அழுத்தினார். மறுபடி கட்டம். மறுபடி ஓகே. அந்த விரலை முந்த யாராலும் முடியாது. முப்பத்தைந்து வருஷம் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்களைப் பாதிப் பேச்சில் அனுப்பிய விரல்.

*

நேரம் இல்லை என்பது உண்மைதான்.

வரும் ஞாயிறு குருபூஜை. அன்றைக்குப் புத்தகத்தை ஆதி சுவாமிகளின் சமாதியில் வைக்க வேண்டும். அச்சகத்து மரியதாஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இன்னைக்கு மூணு மணி. மூணு அஞ்சுக்கு வந்தா காலண்டர் ஏறிரும். அப்புறம் மிஷினு பொங்கலுக்குத்தான் இறங்கும்."

அதற்குமேல் ஒன்று இருந்தது. ஏகாம்பரத்துக்கு ஒரு மகன், தாம்பரத்தில் அடுக்குமாடியில் இருந்தான். ரெண்டு வருஷமா அங்க என்னதான் பண்றீங்க என்று அவன் போனில் கேட்டபோது, ஏகாம்பரம் ரோஷத்தோடு சொல்லிவிட்டார். "குருபூஜைக்குப் புத்தகம் வரும். வந்து பார். வரலேன்னா நானே உன் கார்ல ஏறிடறேன்."

மகன் நல்லவன். உடனே நம்பிவிட்டான். அப்பாவுக்காக பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, கட்டில் போட்டு, திரைச்சீலையும் வாங்கிவிட்டான்.

"என்ன நிறம் அண்ணாச்சி?" என்று பேச்சித்தாய் ஒருமுறை கேட்டாள்.

"சாம்பல்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. பகலெல்லாம் அந்த பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டு பால்கனியைப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டிலும் ஒரு அப்பா உட்கார்ந்திருப்பார்.

*

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஆதி சுவாமிகள் காலத்தில் சீடர்கள் காலை வழிபாட்டுக்குத் தாமதமாக வந்தார்களாம். அவர் யாரையும் திட்டவில்லை. கூடத்துக் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். கொஞ்ச நாளில் சீடர்கள் ஐந்தைக் கழித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் சுவாமிகள் இன்னும் ஏழு நிமிஷம் தள்ளினார். சீடர்கள் பன்னிரண்டைக் கழித்தார்கள். மூன்றாமவர் இன்னும் ஐந்து.

உலகம்மை அதைத் தொடவில்லை.

ஆகவே மடத்தில் எல்லாருக்கும் கழித்தல் தெரியும். கடிகாரம் ஏழு பதினேழு காட்டினால் சமையல்காரர் ஏழு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்புவார். புதிதாக வந்தவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். நான் மூன்று நாளில் பழகினேன்.

கழிக்காதவர் ஏகாம்பரம் ஒருவர்தான்.

"மடத்துக்குள்ள மடத்து நேரம். குரு வச்சதுல நான் யாரு குறைக்க?" என்பார்.

வந்த அன்றே கைக்கடிகாரத்தைக் கழற்றி உண்டியலில் போட்டவர். மொபைலை மகனிடமே விட்டுவிட்டு வந்தவர். வழிபாட்டுக்குப் பதினேழு நிமிஷம் முன்னால் வந்து கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வந்து சேரும்போது, எல்லாரையும் தாமதமாக வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

*

பதினொரு மணிக்குள் பெட்டியை மூன்று தடவை அணைத்துப் போட்டாயிற்று.

ஏகாம்பரம் நீலக் கம்பியைக் கழற்றி மாட்டினார். அது வேறு கம்பி. மாட்டுத்தொழுவத்திலிருந்து பால்காரர் வந்து, மாடு தெரியவில்லை என்றார்.

"மாடு இருக்கா?"

"இருக்கு சாமி. டிவியிலதான் இல்ல."

பிறகு மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் திருநீறு வைத்தார். பெட்டிக்கு முன்னால் ஒரு சூடம் கொளுத்தப் போனபோது, பேச்சித்தாய் பக்கத்தில் கிடந்த கோணி மூட்டையைக் காட்டித் தடுத்தாள்.

"எரிஞ்சிட்டுன்னா பொங்கலுக்குக்கூட வராது அண்ணாச்சி."

கூடத்தில் கடிகாரம் இருமியது. பதினொன்று அடித்தது. கம்ப்யூட்டரின் மூலையிலும் பதினொன்றுதான்.

மகன் வீட்டு எண் எழுதிய காகிதத்தை ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மடித்துத் திரும்ப வைத்தார்.

*

இரண்டு மணிக்கு மறுபடி உலகம்மையிடம் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன், உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டு.

"எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன் அம்மா."

"கேட்டீங்களா?"

"அத விட மத்த எல்லாம்."

"ஏன் கேக்கல?"

"என்ன பெருசா சொல்லிடப் போவுது? முடியாதுங்கும். முடியாதுன்னு எனக்கே தெரியுதே."

உலகம்மை பேனாவை மூடினாள்.

"ஐயா, காலையில உங்க மகன் மடத்துக்குப் போன் பண்ணுனாரு. ஞாயித்துக்கிழமை வரும்போது அவரு..."

"சரிம்மா. சரி. பார்த்துக்கறேன்."

எழுந்துவிட்டார். வாசல்வரை போய்விட்டார்.

உலகம்மை என்னைப் பார்த்தாள். நான் பசையைப் பார்த்தேன்.

"ஐயா, நில்லுங்க" என்றாள். அடுக்களைக்குப் போய் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். விளிம்புவரை தளும்பும் மோர். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று கொடுத்தாள்.

"இத எடுத்துக்கிட்டு எழுத்தறைக்குப் போங்க. கீழ வைக்கக் கூடாது. சிந்தக் கூடாது. குடிக்கவும் கூடாது."

"யாருக்கும்மா இது?"

"போங்க."

*

அவர் வந்த நடையைப் பார்க்க வேண்டும். நான் பின்னாலேயே போனேன்.

"ஒண்ணு எனக்கா அண்ணாச்சி?" என்றாள் பேச்சித்தாய்.

"தெரியல."

"இன்னொண்ணு?"

"தெரியல. கீழ வைக்கக் கூடாதாம்."

"சரி, நான் ஒரு அழுத்து அழுத்திப் பாக்கேன்." பேச்சித்தாய் ஃபோல்டரை அழுத்தினாள்.

சாம்பல் கட்டம் எழும்பியது.

ஏகாம்பரத்தின் வலது தோள் துள்ளியது. மோர் விளிம்பில் அலையடித்து நின்றது. இடது தோள் துள்ளியது. அந்த டம்ளரும் தளும்பி நின்றது. இரண்டு கையையும் இழந்தவர்போல் நின்றார்.

கட்டம் போகவில்லை. அது அங்கேயே இருந்தது. காலையிலிருந்து அறுபது எழுபது தடவையாவது வந்து வந்து போன கட்டம், முதல்முறையாக ஆற அமர உட்கார்ந்தது.

வேறு வழியில்லாமல் அவர் வாசித்தார். உதடு அசைந்தது. ஒருமுறை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

முகம் சிவந்தது.

"என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"அபாண்டம்."

"என்ன அபாண்டம்?"

"பொய் சொல்லுதும்மா பெட்டி. நான் பொய் சொல்றேன்னு பொய் சொல்லுது."

இரண்டு டம்ளரோடும் திரும்பி நடந்தார். கூடத்துக்குப் போய்க் கடிகாரத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். திரும்பி எழுத்தறைக்கு வந்து கம்ப்யூட்டரின் மூலையைக் குனிந்து பார்த்தார். மறுபடி கூடம். மறுபடி எழுத்தறை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கடைசியில் ஒரு டம்ளரை என்னிடமும் இன்னொன்றைப் பேச்சித்தாயிடமும் நீட்டினார்.

"குடிங்க. அந்தப் பெட்டிக்குப் பைத்தியம்."

அதற்குமேல் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை. தன் அறைக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே நடந்ததில் சாம்பல் கட்டத்தில் இருந்ததை நான் வாசிக்கவில்லை. போகிற போக்கில் ஓகேயை அழுத்திவிட்டுத்தான் போயிருந்தார்.

மோர் நன்றாக இருந்தது.

*

கடிகாரம் இருமியது.

மூன்று அடித்தது.

பேச்சித்தாய் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷம் தட்டச்சு செய்தவள். அழவில்லை. "பாட்டெல்லாம் மனப்பாடமா இருக்கு. ஞாயித்துக்கிழமை நானே சமாதியில போய் உக்காந்துக்கிடுதேன்" என்றாள்.

ஏகாம்பரம் வந்தார். கையில் பாய் சுருட்டியிருந்தது. தலையணை அதற்குள். உலகம்மைக்கு முன்னால் அதை வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

"உத்தரவு வாங்கிக்க வந்தேன் அம்மா."

"எங்க ஐயா?"

"தாம்பரம். சொன்ன சொல்லு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே கிளம்பிடறேன். மூணு மணி ஆயிடுச்சு."

"சரி. கேட்டீங்களா?"

"கேட்டேன் அம்மா."

"என்ன சொல்லிச்சு?"

ஏகாம்பரம் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உனக்கும் எனக்கும் நேரத்துல வித்தியாசம் இருக்கு, உள்ள விட மாட்டேன்னுச்சு."

உலகம்மையின் பேனா நின்றது.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்படிம்மா வித்தியாசம் இருக்கும்? ரெண்டு வருஷத்துக்கு முன்னால மூணு கம்ப்யூட்டருக்கும் நானே என் கையால மடத்து நேரம் வச்சேன். அந்தப் பெட்டிக்கும் ஜெரால்டு தம்பிய விட்டு மடத்து நேரம் வைக்கச் சொன்னேன். வேண்டாம் சார்னு கெஞ்சினான். குரு வச்ச நேரம்டான்னு சொல்லி வைக்க வச்சேன். இப்பக்கூடப் போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் வித்தியாசம் இல்ல. அப்படியே இருக்கு."

உலகம்மை உறைகளை ஒதுக்கி வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் அந்தப் பெட்டிக்கு என்னமோ ஏத்துனீங்களே" என்றாள் உலகம்மை. "அதுக்கு அப்புறம் அது யாருகிட்ட மணி கேட்டிருக்கும்? நம்ம கடிகாரத்துகிட்டயா, வெளியில ஊருகிட்டயா?"

பேச்சித்தாய் மெதுவாக எழுந்தாள்.

உலகம்மை மடியை அவிழ்த்தாள். சுருக்குப்பைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தாள். வார் போன ஒரு பழைய ஆண்பிள்ளை கைக்கடிகாரம். முட்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அவளிடம் அப்படி ஒன்று இருந்தது மடத்தில் யாருக்கும் தெரியாது.

"பஸ் ஸ்டாண்டுல எல்லா கண்டக்டரும் அவங்கவங்க வாட்ச்சக் காட்டுவாங்க ஐயா. நான் அஞ்சு நிமிஷம் வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேல போனா சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன். அவங்க என்னைத் திட்டுவாங்க. யாரும் வாட்ச்சத் திட்ட மாட்டாங்க."

கடிகாரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஏகாம்பரம் பார்த்தார். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்ப உள்ளங்கையைப் பார்த்தார். உதடு அசைந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் கழித்தார்.

உள்ளங்கையில் மணி இரண்டு நாற்பத்தேழு.

*

அறுபத்தொரு வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பாய் அங்கேயே கிடந்தது.

அவர் எழுத்தறைக்குள் நுழையும்போது பேச்சித்தாய் ஏற்கெனவே கம்ப்யூட்டரின் மூலையைத் திறந்து நேரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அழுத்துங்க அண்ணாச்சி."

அவர் ஃபோல்டரை அழுத்தினார். அழுத்திவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கட்டம் வரவில்லை. 'பொது' திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக நின்றன, ஒன்றும் நடக்காததுபோல.

மரியதாஸிடமிருந்து போன் வந்தது.

"வந்துட்டு. இப்ப ரெண்டு அம்பத்தேழு. மூணு நிமிஷம் இருக்கும்போதே அனுப்பிட்டிய. மடத்துல இருந்து இப்படி நடந்ததே இல்லியே. யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

*

சாயங்காலம் ஏகாம்பரம் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பாய் இன்னும் கூடத்தில் கிடந்தது. அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"மூணு கம்ப்யூட்டரையும் ஊர் நேரத்துக்கு மாத்திட்டேன் அம்மா."

"நல்லது."

"இதையும் சரி பண்ணிடட்டுமா?" சுவரைக் காட்டினார். "ஏணி கொண்டாந்துட்டேன்."

"வேண்டாம்."

"தப்பான நேரம் அம்மா."

"இதச் சரி பண்ணுனா நாளைக்குக் காலையில வழிபாட்டுக்கு யாரும் இருக்க மாட்டாங்க ஐயா. நீங்க மட்டும் இருப்பீங்க. பதினேழு நிமிஷம் கழிச்சு மத்தவங்க வருவாங்க."

ஏகாம்பரம் யோசித்தார். "இப்பவும் அப்படித்தானே அம்மா?"

"ஆமா" என்றாள் உலகம்மை. "அதனாலதான் சொல்லுதேன், ஏணிய எடுத்துட்டுப் போங்க."

அவர் எழுந்தார். பாயைத் தூக்கினார். போகாமல் நின்றார்.

"மதியம் எம்பையன பத்தி என்னமோ சொல்ல வந்தீங்க."

"ஆமா."

காத்துக்கொண்டு நின்றார். கடிகாரம் இருமியது. ஆறு அடித்தது. அடித்து முடிக்கும்வரை நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வரும்போது அவரு காரக் கொண்டு வரலையாம்" என்றாள் உலகம்மை. "ரயில்ல வாறாராம். உங்களக் கூட்டிட்டுப் போக இல்ல. புத்தகம் வந்தாலும் வராட்டாலும், ரெண்டு நாள் உங்களோட இங்க தங்கிட்டுப் போகலாமான்னு கேட்டாரு."

*

மகன் வந்தான். பாயில் படுத்தான். புத்தகத்தைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் சின்ன எழுத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் படம் எடுத்துக்கொண்டான். கூடத்துக் கடிகாரத்தை நம்பித் திங்கட்கிழமை ரயிலுக்குப் பதினேழு நிமிஷம் முன்னால் கிளம்பிப் போனான்.

ஏகாம்பரம் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் மடத்தில் இருந்தார். ஒரு ஆவணி மாதம், வழிபாட்டுக்கு முதல் ஆளாக வந்து கூடத்தில் உட்கார்ந்தவர், மற்றவர்கள் வரும்போது உயிரோடு இல்லை. மடத்துப் பதிவேட்டில் பேச்சித்தாயின் கையெழுத்தில் காலை ஆறு பத்து என்று இருக்கிறது. டாக்டர் கொடுத்த சீட்டில் ஐந்து ஐம்பத்து மூன்று.